காட்டைச் செரிக்கும் உயிர்கள்: கொல்லிமலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



காட்டுப் பூச்சிகளைக் கணக்கெடுத்து, அவை செய்யும் வேலையை ஆண்டுதோறும் பதிவு செய்யும் பணியைக் கொல்லிமலைப் பள்ளிகள் ஏற்க வேண்டும் என்னும் ஒரே வேண்டுகோளுக்காக இம்மடல் எழுதப்படுகிறது. ஏற்கெனவே பாடச்சுமை மிகுந்த ஆசிரியர்களிடம் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: வெளியூரிலிருந்து வந்து சில வாரங்கள் தங்கிச் செல்லும் ஆய்வாளரால் முடிக்க இயலாத ஒரு வேலை இம்மலையில் காத்திருக்கிறது, அதைச் செய்யத்தக்க வகையில் மழையிலும் பனியிலும் வெயிலிலும் இங்கேயே இருப்பவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களுமே.

காரவள்ளியில் ஏறத்தாழச் சமவெளியின் உயரத்தில் தொடங்கும் சாலை, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த மேட்டுநிலத்தை அடைகிறது. இந்தக் குறுகிய தொலைவுக்குள் அடிவாரத்தின் முட்புதர்க் காடும், சரிவுகளின் இலையுதிர் காடும், மேலே ஓடைகளையும் பள்ளங்களையும் ஒட்டிய பசுமைமாறாச் சோலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அவற்றினிடையே காபித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் மரவள்ளி வயல்களும் சாமைக் கொல்லைகளும், மலையாளிப் பழங்குடி மக்கள் தம் தெய்வங்களுக்கென விட்டுவைத்த கோயில் காடுகளும் கலந்து கிடக்கின்றன. பூச்சிகளின் உடல் வெப்பம் சூழலின் வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், எந்தப் பூச்சி எந்த உயரத்தில் எந்த மாதத்தில் தென்படுகிறது என்னும் குறிப்பே தட்பவெப்ப மாற்றத்தின் நம்பகமான அளவுகோல்களுள் ஒன்றாகும். மேற்குத் தொடர்ச்சி மலை 2012-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதோடு, நெடுங்காலமாகவே ஆய்வாளர்களைத் தன்பால் ஈர்த்தும் வந்துள்ளது. துண்டு துண்டாக நிற்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கு அந்தக் கவனம் கிட்டவில்லை. கொல்லிமலையின் சாமை, தினை, கேழ்வரகு வகைகளையேனும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைமக்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்துப் பேணியுள்ளது. பூச்சிகளுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

இந்தியாவில் காட்டுப் பூச்சிகளைப் பற்றிய படிப்பு மரத்தின் விலையை முன்னிட்டே தொடங்கியது. டேராடூனில் 1906-இல் வன ஆராய்ச்சி நிறுவனம் அமைக்கப்பட்ட காலத்தில், வெட்டிய மரத்தையும் நட்ட மரத்தையும் கெடுக்கும் பூச்சிகளைக் கண்டறிவதே அங்கிருந்த பூச்சியியலாளரின் தலையாய கடமையாக இருந்தது. பூச்சியியலாளர் ஸ்டெப்பிங் 1914-இல் வெளியிட்ட வண்டுகளைப் பற்றிய பெருநூலும், பூச்சியியலாளர் பீசன் 1941-இல் வெளியிட்ட இந்தியக் காட்டுப் பூச்சிகளின் சூழலியலும் கட்டுப்பாடும் பற்றிய நூலும் இன்றும் மதிக்கத்தக்க உழைப்பின் சான்றுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தப் பார்வையின் எச்சமாகவே, பூச்சிகளை நன்மை செய்வன, தீமை செய்வன என இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் பள்ளிப் பாடத்திலும் தங்கிவிட்டது. வயலுக்கு ஓரளவு பொருந்தும் அந்தப் பிரிவினை காட்டுக்குப் பொருந்தாது. தேக்கின் இலையைத் தின்னும் புழுவை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். நிலம்பூரின் இளந்தேக்குத் தோட்டங்களில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு, இப்புழுவினால் மரத்தின் பருமன் வளர்ச்சியில் 44 விழுக்காடு வரை இழப்பு நேர்வதைக் காட்டியது. பல்வகை மரங்கள் கலந்து நிற்கும் இயற்கைக் காட்டிலும் அதே புழு வாழ்கிறது. ஆனால் ஒரே மரம் வரிசை வரிசையாக நிற்கும் இடத்தில்தான் அது கூட்டம் கூட்டமாகப் பெருகிப் பேரிழப்பை உண்டாக்குகிறது. ஆகவே அதைத் தீமையாக்கியதில் மனிதன் நட்ட முறைக்கும் பெரும் பங்குண்டு.

இலையையும் விதையையும் தின்னும் பூச்சிகள் காட்டின் வளத்துக்கே தேவையானவை என்னும் கருத்தை, 1970-இல் சூழலியலாளர் டேனியல் ஜான்சனும் 1971-இல் சூழலியலாளர் ஜோசப் கானலும் தனித்தனியே முன்வைத்தனர். ஒரு தாய்மரத்தின் அடியில் விழும் எண்ணற்ற விதைகளையும் முளைகளையும் அந்த மரத்தையே நாடி வரும் பூச்சிகளும் நுண்ணுயிர்களும் அழித்துவிடுகின்றன. தொலைவில் சென்று விழுந்தவையே பெரிதும் தப்பிப் பிழைக்கின்றன. இதனால் தாய்மரத்தைச் சுற்றிலும் வேறு இன மரங்கள் எழ இடம் கிடைக்கிறது. வெப்பமண்டலக் காட்டில் ஒரே இன மரம் எல்லா இடத்தையும் வளைத்துக்கொள்ளாமல் நூற்றுக்கணக்கான இனங்கள் நெருங்கி வாழ்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது இக்கோட்பாட்டின் சாரம். அரப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் வழியில் ஓங்கி நிற்கும் மரங்களின் கீழே உள்ள முளைகளை எண்ணி, அவற்றின் இலைகளில் உள்ள கடிவாய்களைக் குறித்துவருவதே இக்கோட்பாட்டைச் சோதிக்கும் தொடக்கநிலை ஆய்வாக அமையும்.

காட்டின் தரையில் நடப்பது இதைவிடப் பெரிது. கோயில் காட்டில் விழுந்த மரத்தை எவரும் வெட்டி எடுக்காமல் கிடந்த இடத்திலேயே விட்டுவிடும்போது, முதலில் பட்டைக்கு அடியில் துளைக்கும் சிறு வண்டுகள் வருகின்றன. அவை தம் உடலில் ஒட்டிக்கொண்டு வரும் பூஞ்சை வித்துகளை அத்துளைகளின் வழியே கட்டைக்குள் சேர்க்கின்றன. பூஞ்சை மரத்தை மென்மையாக்கிய பின், நீண்ட உணர்கொம்பு கொண்ட வண்டுகளின் புழுக்கள் உள்ளே சுரங்கம் அமைக்கின்றன. அச்சுரங்கங்களில் நீரும் காற்றும் எறும்பும் மரவட்டையும் புகுகின்றன. இறுதியில் கட்டையென்று சொல்ல எதுவும் மிஞ்சாமல், கையால் பிசையத்தக்க கருமண் ஆகிறது. ஆறு கண்டங்களில் 55 இடங்களில் இறந்த மரத்துண்டுகளை வலைக்கூண்டுக்கு உள்ளும் புறமும் வைத்து நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, உலகக் காடுகளின் இறந்த மரங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் கரிமத்தில் ஏறத்தாழ 29 விழுக்காடு பூச்சிகளின் செயலால் நிகழ்வது என்றும், அந்த வெளியேற்றத்தின் மிகப்பெரும் பகுதி வெப்பமண்டலக் காடுகளுக்கு உரியது என்றும் மதிப்பிட்டது.

இவ்வேலையில் கறையானுக்கு உள்ள பங்கு தனியே குறிப்பிடத்தக்கது. புற்றுக் கட்டும் கறையான்களுள் ஒரு பிரிவு தனக்குத் தேவையான பூஞ்சையைத் தானே பயிரிடுகிறது. வேலைக்காரக் கறையான்கள் சருகையும் கட்டையையும் மென்று கொண்டுவந்து, புற்றுக்குள் அறைகளில் நுண்துளைகள் நிறைந்த ஓர் அடுக்காகப் படியவைக்கின்றன. அந்த அடுக்கில் வளரும் பூஞ்சை, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் கடினப் பொருளைச் சிதைக்கிறது. அவ்வாறு பதப்பட்ட பகுதியைக் கறையான்கள் உண்கின்றன. மழை பெய்து மண் நனைந்ததும் புற்றிலிருந்து மேலே எழும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையின் கனியுறுப்பே. புற்றுக்காளானையும் ஈசலையும் மழைக்காலத்தில் உணவாகக் கொள்ளும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இப்பாடத்தைப் படம் வரைந்து விளக்க வேண்டிய தேவையில்லை. கறையானின் நுண்வழிகள் மழைநீரை மண்ணுக்குள் இறக்குகின்றன. செங்குத்தான சரிவில் கொட்டும் மழை மேல்மண்ணை அடித்துச் செல்லாமல் உள்ளே இறங்குவதற்கு இதுவும் ஒரு துணை. சருகை எரிப்பதும், விழுந்த கட்டைகளை ஒன்றுவிடாமல் அப்புறப்படுத்துவதும், ‘சுத்தமான’ தோட்டம் என்னும் பெயரில் இந்த உயிர்களைப் பட்டினி போடுவதாகும் என்பதை மாணவர்கள் தாமே அளந்து அறிவது நன்று.

அத்திமரத்துக்கும் குளவிக்கும் உள்ள உறவு காட்டின் பிழைப்பைத் தாங்கும் இன்னொரு தூண். அத்திக்காய் என்று சொல்லப்படுவது உள்நோக்கி மடங்கிய ஒரு பூங்கொத்து. அதன் நூற்றுக்கணக்கான நுண்பூக்கள் உட்சுவரில் மறைந்துள்ளன. காயின் நுனியில் செதில்கள் அடைத்த ஒரு சிறு வாயில் உண்டு. இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள பெண்குளவி, தான் பிறந்த காயின் மகரந்தத்தை மார்பில் உள்ள பைகளில் நிரப்பிக்கொண்டு, பக்குவமான வேறொரு மரத்துக் காயை மணத்தால் கண்டு, அவ்வாயிலின் செதில்களுக்கிடையே நெருக்கி உள்ளே நுழைகிறது. நுழையும்போதே அதன் சிறகுகள் பெரும்பாலும் முறிந்து வெளியே விழுந்துவிடுகின்றன. உள்ளே அது சில பூக்களில் முட்டையிடுகிறது, மற்றப் பூக்களுக்கு மகரந்தத்தைச் சேர்க்கிறது, பின்பு அங்கேயே இறக்கிறது. சில வாரங்கள் கழித்துச் சிறகில்லாத ஆண்குளவிகள் முதலில் வெளிவந்து, இன்னும் பூவறைக்குள் இருக்கும் பெண்குளவிகளோடு இணைந்து, காயின் சுவரைக் குடைந்து வழி அமைத்துக் கொடுத்துவிட்டு மடிகின்றன. அவ்வழியே பறந்து செல்லும் பெண்குளவியின் வாழ்நாள் ஓரிரு நாள்களே. அந்தக் குறுகிய பொழுதுக்குள் பக்குவமான காயுள்ள மரம் பறக்கும் தொலைவில் இல்லாவிட்டால் அதன் வழி அத்தோடு முடிகிறது. அத்தி இனங்களின் மரங்கள் வெவ்வேறு காலத்தில் காய்ப்பதால்தான் குளவிக்கு இடமும், வேறு கனி கிடைக்காத மாதங்களில் வௌவாலுக்கும் குயிலுக்கும் மரநாய்க்கும் உணவும் இடையறாது கிடைக்கின்றன. மரங்களின் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் இச்சங்கிலி அறுந்துவிடும். ஆகவே ஓர் ஊரின் எல்லைக்குள் உள்ள அத்தி, ஆல், அரசு, இச்சி மரங்களைக் கணக்கெடுத்து, எந்த மாதம் எது காய்த்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பதும் பூச்சியியலே.

பூக்கும் தாவரங்களில் விலங்குகளின் துணையால் மகரந்தம் பெறுபவை உலக அளவில் ஏறத்தாழ 87 விழுக்காடு என்றும், வெப்பமண்டலத் தாவரக் கூட்டங்களில் அது 94 விழுக்காடு என்றும் 2011-இல் வெளியான ஒரு கணிப்பு கூறுகிறது. அந்த வேலையில் பெரும்பங்கு பூச்சிகளுடையது. மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, கொசுத் தேனீ என நான்கு வகைத் தேனீக்களையும் மலைமக்கள் பெயரிட்டுப் பிரித்து அறிவர். கோடை மழைக்குப் பின் ஒருசேர வெண்மையாகப் பூக்கும் அராபிகா காபி தன்மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது. ஆயினும் பனாமாவில் டேவிட் ரூபிக் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, தேனீக்கள் வந்துபோகும் செடிகளில் விளைச்சல் கணிசமாகக் கூடுவதைக் காட்டியது. பொந்துள்ள முதுமரங்கள் அருகில் இருந்தால்தான் அடுக்குத் தேனீக்கும் கொசுத் தேனீக்கும் வீடு அமையும்.

மலைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பை அண்மையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. சேகோ ஆலைகளின் தேவையால் மலையிலும் சமவெளியிலும் மரவள்ளி பரவி, சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, விரைவிலேயே சேலம், நாமக்கல் மாவட்டங்களின் வயல்களைத் தாக்கியது. செடியின் குருத்தில் வெண்மாவு படிந்தாற்போல் திரண்டு சாற்றை உறிஞ்சும் இப்பூச்சி, நுனி இலைகளைக் கொத்தாகச் சுருங்கச் செய்து, கிழங்கின் விளைச்சலை வெகுவாகக் குறைக்கும். அதன் மேல்தோலில் உள்ள மெழுகு காரணமாகத் தெளிக்கும் மருந்தும் எளிதில் ஏறாது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து கோடிக்கணக்கான மக்களின் உணவை அச்சுறுத்தியபோது, அதன் தாயகத்தில் தேடி, பராகுவே நாட்டில் கண்டறிந்த ஒரு நுண்குளவியை ஆப்பிரிக்க வயல்களில் விட்டு அது கட்டுப்படுத்தப்பட்டது. அப்பணியை வழிநடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அந்தக் குளவியையே பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலுக்குள் விட்டது. பப்பாளி மாவுப்பூச்சியை 2010-இல் இதே வழியில்தான் தமிழ்நாடு வென்றது.

இத்தகைய ஒட்டுண்ணிக் குளவி, தன் முட்டையை மாவுப்பூச்சியின் உடலுக்குள் வைக்கிறது. வெளிவரும் புழு அப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, காய்ந்து பழுப்பேறிய அதன் கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாகப் பறக்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த குளவிக்குச் செய்தித்தாள்களில் இடம் கிடைத்தது. ஆனால் இம்மலையின் காபியிலும் மிளகிலும் சாமையிலும் நாள்தோறும் இதே வேலையைக் கூலியின்றிச் செய்யும் உள்நாட்டு ஒட்டுண்ணிகளின் இனங்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மலையடிவாரத்திலோ மலைமேலோ எவரும் பெயர் வைத்ததில்லை. முதிர்ந்த குளவிகளுக்குப் பூந்தேன் வேண்டும், பயிர் இல்லாத மாதங்களில் ஒதுங்க இடம் வேண்டும், மாற்று இரையும் வேண்டும். இம்மூன்றும் கோயில் காட்டின் ஓரத்திலும் வேலிப் புதரிலும் கிடைப்பவை. காபிக்கு நிழலாகவும் மிளகுக்குக் கொழுகொம்பாகவும் நிற்கும் நாட்டு மரங்களை அகற்றி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை மட்டும் நிரப்புவது பணக்கணக்கில் சரியாகத் தோன்றலாம். காபித் தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் படும் தண்டைத் தேடி முட்டையிடும் இயல்புடையது என்பதையும், நிழல் குறைந்த தோட்டமே அதற்கு முதலில் பலியாகிறது என்பதையும் கருதினால், பல்வகை நாட்டு மரங்களின் அடர்நிழலைக் காப்பதே விவேகம்.

ஆசிரியர்களிடம் இப்பணியை ஒப்படைப்பதற்கு முன்மாதிரி உண்டு. பிரான்சின் தென்பகுதியில் 1840-களில் கார்ப்பந்திரா நகரத்துப் பள்ளியில் இளம் ஆசிரியராக இருந்த ழான் ஆன்றி ஃபாப்ர், நில அளவைப் பாடத்துக்காக மாணவர்களை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்றபோது, அவர்கள் அளவைக் கோலை மறந்துவிட்டுக் கூழாங்கற்களில் ஒட்டியிருந்த மண்கூடுகளைத் துளைத்துத் துரும்பால் தேன் உறிஞ்சுவதைக் கண்டார். மண்கூடு கட்டும் அத்தேனீயைப் பற்றி மாணவர்கள் அறிந்திருந்தனர், ஆசிரியர் அறிந்திருக்கவில்லை. அங்கே தொடங்கிய கவனம் 1879 முதல் 1907 வரை வெளியான பத்துத் தொகுதிகளாக விரிந்து, பூச்சிகளின் நடத்தையை ஆராயும் துறைக்கே அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. கொல்லிமலையின் வளப்பூர் நாட்டிலோ குண்டூர் நாட்டிலோ உள்ள ஒரு வகுப்பறையில், கொசுத் தேனீயின் மெழுகுக்குழல் வாயிலை எந்த மரப்பொந்தில் பார்க்கலாம் என்று கேட்டால் எழும் கைகளின் எண்ணிக்கை, இந்த ஆய்வு எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் காட்டிவிடும். வீட்டில் கற்ற அந்த அறிவு தேர்வுக்கு உதவாதது என்று மாணவர் எண்ணிக் கூச்சப்படும் நிலையை மாற்ற ஆசிரியர் ஒருவரால் மட்டுமே முடியும்.

பதிவின் தொடர்ச்சிக்கு உள்ள மதிப்பை ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்துப் பூச்சியியல் கழகம் நிறுவியது. பெரும்பாலும் தொழில்முறை ஆய்வாளர் அல்லாதவர்களைக் கொண்ட அக்கழகம், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒரே வகைக் கூடாரப் பொறியை ஆண்டுதோறும் வைத்து, அதில் விழும் பூச்சிகளை நிறுத்து எழுதிவந்தது. அந்தக் கணக்கை ஆராய்ந்து 2017-இல் வெளியான கட்டுரை, 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதை உலகுக்கு அறிவித்தது. ஒரே முறையை மாற்றாமல் கைக்கொண்டு எழுதிவைத்த ஏடுகள் இல்லாதிருந்தால், பூச்சிகள் குறைந்துவிட்டன என்பது வயதானவர்களின் புலம்பலாகவே ஒதுக்கப்பட்டிருக்கும்.

கொல்லிமலைப் பள்ளிகளுக்கு உயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரே மரத்தின் காய்ந்த இலைகளைச் சம எடையில் நிறுத்து, சில பைகளைப் பெருங்கண் வலையிலும் சில பைகளைக் கொசுவலையைவிட நெருங்கிய வலையிலும் தைத்து, கோயில் காட்டின் தரையிலும் காபித் தோட்டத்திலும் மரவள்ளி வயலின் ஓரத்திலும் முளையடித்து வைத்து, மாதம் ஒரு பையை எடுத்து உலர்த்தி நிறுத்தால், பூச்சிகளும் மண்ணுயிர்களும் புகுந்த பைக்கும் புகாத பைக்கும் உள்ள எடை வேறுபாடே அவற்றின் வேலையின் அளவாகும். நெருங்கிய வலை ஈரத்தைச் சற்று அதிகம் தேக்கும் என்பதை மட்டும் முடிவு எழுதும்போது கணக்கில் கொள்ள வேண்டும். பூப்பதற்கு முன் ஒரு காபிச் செடியின் ஒரு கிளையை வலையால் மூடி, இன்னொரு கிளையைத் திறந்துவிட்டு, இரண்டிலும் பிடித்த காய்களை எண்ணலாம். வண்ணத்துப்பூச்சிகளுக்கு, பிரிட்டனில் 1976 முதல் நாடளாவிய கணக்கெடுப்பாக நடந்துவரும் எளிய முறை போதும்: ஒரே பாதையில் ஒரே வேகத்தில் வாரம் ஒருமுறை நடந்து, இருபுறமும் இரண்டரை மீட்டருக்குள் தென்படுவனவற்றை மட்டும் எழுதுவது. பருவமழையை ஒட்டிக் கிழக்கு மலைகளுக்கும் மேற்கு மலைகளுக்கும் இடையே பெருங்கூட்டமாக இடம்பெயரும் நீலவரி வண்ணத்துப்பூச்சிகள் எந்த வாரம் எத்திசையில் மலையைக் கடந்தன என்பதும் அதே நோட்டில் ஏறிவிடும்.

காப்புக்காட்டுக்குள் பூச்சியைப் பிடிக்க வனத்துறையின் அனுமதி கட்டாயம்; கோயில் காட்டுக்குள் பை வைக்க ஊர்ப் பெரியவர்களின் ஒப்புதல் வேண்டும்; ஆகவே தொடக்கத்தில் கொல்லாமல் பார்த்து எண்ணுவதும் கைப்பேசியில் படம் எடுப்பதுமே தகும். இனம் தெரியாதவற்றின் படத்தோடு நாள், ஊர், உயரம், எந்தச் செடியின்மேல் இருந்தது என்னும் நான்கு குறிப்பும் இருந்தால், கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனத்தின் பூச்சியியலாளர்களாலும், சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தாலும் அடையாளம் காண்பது எளிதாகும். பிள்ளைகள் வீட்டில் வழங்கும் பெயரையும் அதே வரியில் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் அந்த நோட்டின் ஒரு படியை, 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஊராட்சிகள் பேண வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்த்துவிட்டால், ஆசிரியர் மாறுதலாகிச் சென்றாலும் கணக்கு ஊரிலேயே இருக்கும். முதல் பைகளைக் கோடை மழைக்கு முன்பே தரையில் வைத்துவிட்டால், வடகிழக்குப் பருவமழை ஓயும் மார்கழியில் முதல் ஆண்டின் எடைகள் கைக்கு வரும்.